பூச்சிமருந்துப் பாட்டிலின் ஆங்கிலம்: பாலக்காட்டின் கிழக்கெல்லையிலிருந்து ஒரு திறந்த மடல்

கேரள வேளாண் துறையிலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் உழவர் பயிற்சித் திட்டங்களை வகுக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் சித்தூர் வட்டத்திலிருந்து வருகிறது. ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கூரியர்காரரிலிருந்து கூகுள் வரை இரண்டையும் குழப்பாதவர் குறைவு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று நீளும் எங்கள் பஞ்சாயத்துகளில் வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது நாங்கள் கேரளத்தில் இருந்தோம், இருக்கிறோம். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து என்று பழகிவிட்டது.

நான் தமிழ் வழிப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். இப்போது குடும்பத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த இரண்டு வேலையும் எனக்குத் தெரியும் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். நீடித்த வேளாண்மைக்கு என்று நீங்கள் நடத்தும் பயிற்சிகளில், எங்கள் எல்லைப் பஞ்சாயத்துகளுக்கு மட்டுமாவது, ஆங்கிலத்தையும் ஒரு பகுதியாகச் சேருங்கள். அந்தப் பகுதியை வாட்ஸ்அப்பிலேயே நடத்துங்கள். விளக்கும் மொழி தமிழாக இருக்கட்டும்.

"சாணத்துல ஜீவாமிர்தம் கரைக்கிறவனுக்கு எதுக்கு டீச்சர் இங்கிலீஷ்?" என்று எங்கள் ஊரிலேயே கேட்டார்கள். உங்களுக்கும் அதே கேள்வி வரும். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மண். கேரளத்தின் பெரும்பகுதி அமிலத்தன்மை கொண்ட செம்புரை மண். அதனால்தான் உங்கள் கையேடுகளிலும், மலையாள யூடியூப் சேனல்களிலும், எந்தப் பயிருக்கும் முதல் அறிவுரை சுண்ணாம்பு. கும்மாயம், அதாவது சுண்ணாம்பு, போடு, சில நாள் பொறு, பிறகு உரம் வை. மாநிலத்தின் முக்கால்வாசிப் பேருக்கு அது சரியான அறிவுரை. ஆனால் கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் வட்டத்தில்தான். இந்த மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது, அமில–கார அளவைக் காட்டும் பி.எச். 7க்கு மேலே, காரப் பக்கம் நிற்கிறது. இதில் போய் மேலும் சுண்ணாம்பைக் கொட்டினால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போகும், இலை வெளுக்கும். வெளுத்த இலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "சத்துக் குறைவு, இன்னும் போடுங்க" என்று நாலு பேர் எழுதுவார்கள். அவர்கள் நால்வரும் நல்லவர்கள். நால்வரின் தோட்டமும் திருச்சூரிலோ கோட்டயத்திலோ இருக்கும்.

சரி, தமிழ் வீடியோ பார்க்கலாமே என்றால், அதுவும் பாதி வழிதான். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் எடுத்த தென்னை வீடியோக்கள் எங்களுக்குப் பொருந்துகின்றன. மண்ணும் காற்றும் ஏறத்தாழ ஒன்று. தஞ்சாவூர் வயலில் எடுத்தது பொருந்தாது. எது எங்கே எடுத்தது என்று வீடியோவில் யாரும் சொல்வதில்லை. கடைசியில் மானியம், விதை, பதிவு என்று சொல்லும் விவரமெல்லாம் தமிழ்நாட்டு உழவருக்கானது. 2018இல் வந்த தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் பாலக்காடு மாவட்டத்தைத் தேட முடியாது, தேடுவதும் நியாயமில்லை. இப்படி, பொருந்தும் அறிவுரை ஒரு மாநிலத்திலிருந்தும், கிடைக்கும் சலுகை இன்னொரு மாநிலத்திலிருந்தும் வருகிற இடம் எங்களுடையது.

மழையும் அப்படித்தான். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மி.மீ. என்று பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்கு மூலையில் அந்தக் கணக்கை நம்பி யாரும் பயிர் வைப்பதில்லை. சித்தூர் வட்டாரத்தின் நிலத்தடி நீர், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் அளவுக்கு மிஞ்சி உறிஞ்சப்பட்டது என்று குறிக்கப்பட்டது. தண்ணீருக்காக 2002இல் போராட்டம் தொடங்கிய பிளாச்சிமடை எங்கள் பெருமாட்டியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்ற எண்ணை எங்கள் ஊர்க் கிழவர்கள் தங்கள் பிறந்த தேதியைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். மூடாக்கு, சொட்டு நீர், மட்டை புதைப்பு எல்லாம் எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. நீடித்த வேளாண்மை என்ற சொல் வருவதற்கு முன்பே அதற்கான நெருக்கடி எங்களுக்கு வந்துவிட்டது.

இப்போது ஆங்கிலத்துக்கு வருகிறேன்.

2015இல் தொடங்கிய மண்வள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 அளவுகள்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் பி.எச்., இ.சி. (உப்பின் அளவு), ஓ.சி. (கரிமத்தின் அளவு). அட்டையை எந்த மொழியில் அச்சடித்தாலும் இந்தக் கடைசி மூன்றும் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கமாகவே நிற்கும். ஓ.சி. 0.5க்குக் கீழே என்றால் மண்ணில் கரிமம் குறைவு, மூட்டை உரத்தைக் கூட்டுவதற்கு முன் மட்கும் பசுந்தாளும் வேண்டும். பி.எச். எண்ணைப் பார்த்தால் சுண்ணாம்பு வேண்டுமா வேண்டாமா என்று யாரையும் கேட்காமல் தெரியும். அந்த மூன்று வரியைப் படிக்கத் தெரிந்த ஒருவர், கோட்டயத்து நண்பரின் அறிவுரையை நன்றி சொல்லி ஒதுக்கிவிடலாம். எங்கள் தெருவில் அந்த அட்டை பெரும்பாலும் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது.

அதைவிட முக்கியம் மருந்து பாட்டில். 1971ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளின்படி பெட்டிக்குள் வைக்கும் தாளில் இந்தி, ஆங்கிலம், விற்கும் பகுதியின் ஒன்றிரண்டு மொழிகள் இருக்க வேண்டும். எங்களுக்கோ மருந்து இரண்டு மாநிலக் கடைகளிலிருந்தும் வருகிறது. அந்தத் தாளை விரித்தால் மேசை நிரம்பும், எழுத்து எறும்பைவிடச் சின்னது, நாலு மொழியில் நமக்கான மொழியைக் கண்டுபிடிப்பதற்குள் மெஷினில் தண்ணீர் நிரம்பிவிடும். ஆகவே கடைக்காரர் வாயால் சொல்வதுதான் அளவு: "டேங்குக்கு ரெண்டு மூடி." எந்த மூடி, எத்தனை லிட்டர் டேங்கு என்று கேட்பவர் இல்லை.

தாளில் இருப்பதோ ஹெக்டேர் கணக்கு. எங்கள் கணக்கு ஏக்கரும் சென்டும். ஹெக்டேருக்கு 500 மி.லி., 500 லிட்டர் நீரில் என்று ஒரு மருந்தில் போட்டிருந்தால், 2.47 ஏக்கருக்கு அவ்வளவு என்று பொருள். ஏக்கருக்கு ஏறத்தாழ 200 மி.லி., 200 லிட்டர். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் வெண்டைக்கு 20 மி.லி. போதும். 16 லிட்டர் பேட்டரி மெஷினுக்கு 16 மி.லி. இது ஏழாம் வகுப்புக் கணக்கு. கூடவே இன்னொரு பத்தி இருக்கிறது. மருந்தின் மூலப்பொருள் அளவு ஒன்று, பாட்டிலில் இருக்கும் கலவையின் அளவு இன்னொன்று. இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் அச்சிட்டிருக்கும். தப்பான கட்டத்தைப் படித்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும். கடைசிக் கட்டம், அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பது. சந்தைக்குப் போகும் காய்க்கு அதுதான் உயிரான கட்டம். அதைப் பற்றிக் கடையில் பேச்சே வராது.

பாட்டிலின் முகப்பில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறம் இருக்கும். நஞ்சின் கடுமை அந்த வரிசையில் குறையும். பச்சை இருந்தால் அது இயற்கை மருந்து என்று உறுதியாக நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சையும் நஞ்சுதான், கடுமை குறைந்த நஞ்சு. 2011இல் கேரளம் கடும் நச்சு மருந்துகள் சிலவற்றைத் தடை செய்தது நல்ல முடிவு. ஆனால் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் பைக்கில் பத்து நிமிடத்தில் வேறு மாநிலக் கடை இருக்கும் ஊரில், தடையைவிட அந்தச் சதுரத்தைப் படிக்கத் தெரிவது கூடுதல் காவல்.

இயற்கை வழிக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைக்காதீர்கள். பயிர் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பொட்டலத்திலும், காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பொட்டலத்திலும் சி.எஃப்.யு. (உயிரோடுள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை) என்று ஒரு எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். உள்ளே இருப்பது உயிருள்ள பூஞ்சாணம். வெயிலில் கிடந்தால் செத்துவிடும், பூஞ்சாணக் கொல்லியோடு கலந்தால் செத்துவிடும். அந்த வரிகளும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். செத்த பொட்டலத்தை எருக்குழியில் கொட்டிவிட்டு, "இயற்கை விவசாயம் வேலைக்காகாது, காண்டாமிருக வண்டு அப்படியேதான் இருக்குது" என்று சொல்கிறவரை எப்படிக் குறை சொல்வது?

இதற்கு நடுவே எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்காமல் இல்லை. நாள் முழுக்கப் படிக்கிறார்கள், போனில். ரீல்ஸில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கொட்டிக் கிடக்கிறது. ஹோட்டலில் ஆர்டர் சொல்வது எப்படி, இன்டர்வியூவில் உங்களைப் பற்றி மூன்று வரி சொல்வது எப்படி, 'ஐ ஆம் ஃபைன்' என்பதற்குப் பதில் ஸ்டைலாக என்ன சொல்லலாம். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். வகுப்பில் வாயைத் திறக்காத பெண்கள் அந்த முப்பது விநாடி வீடியோவைப் பார்த்து உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அது உதவும். ஊரில் தங்கித் தோப்பைப் பார்க்கிறவனுக்கு வேண்டிய ஆங்கிலத்தை எந்த ரீலும் சொல்வதில்லை. அவன் யாரிடமும் ஆங்கிலத்தில் பேசப் போவதில்லை. படிக்க வேண்டும், சரியாகப் படிக்க வேண்டும், படித்ததைத் தமிழில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மாலுமிக்கும் விமானிக்கும் செவிலியருக்கும் அவரவர் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தனியாகப் பாடம் எடுக்கிறார்கள். 1960களிலிருந்தே ஆங்கிலக் கல்வியில் அது ஒரு தனித் துறை. உழவருக்கு மட்டும் ஏன் இல்லை?

சுருள் வெள்ளை ஈ வந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2016இல் இந்தியாவில் முதன்முதலில் அதைப் பார்த்தது பொள்ளாச்சிப் பக்கத்திலும் பாலக்காட்டிலும், அதாவது எங்கள் வாசலில். கீற்றின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுருள், மேல்பக்கம் கரிபூசினாற்போல் பூசணம். தோப்பே இருண்டுவிட்டது. பார்த்தவர் எல்லாருக்கும் கை நடுங்கியது. போனில் வந்த வீடியோக்களில் பாதி, ஏதாவது ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அடிக்கச் சொன்னவை. சிலவற்றில் கீழே போன் நம்பரும் இருந்தது.

ஆய்வு நிலையங்கள் சொன்னது நேர் எதிர். அடிக்காதே. என்கார்சியா என்ற கண்ணுக்குத் தெரிவதே அரிதான குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும், மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடி, பூசணம் கழல மைதாப் பசைத் தண்ணீரைத் தெளி, பொறு. இது காசர்கோட்டு மத்திய தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பக்கங்களிலும் இருந்தது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் குறிப்புகளிலும் இருந்தது. பொறு என்று சொல்லும் அறிவுரை போனில் ஓடுவதில்லை. மூன்றே நாளில் தீர்வு என்பதுதான் ஓடுகிறது.

எங்கள் தெருவில் கல்லூரி போகிற ஒரு பையன் அந்த ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் படித்து வாய்ஸ் மெசேஜ் போட்டான். அடிக்கடி நிறுத்தி, "இந்த எடம் புரியல, டீச்சர்ட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லிப் படித்தான். அதைக் கேட்டவர்கள், கீற்றைத் திருப்பி, ஓட்டையுள்ள குஞ்சைத் தேட ஆரம்பித்தார்கள். வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். அந்த வாரம் குழுவில் வந்த படமெல்லாம் ஓட்டைப் படம். ஆங்கிலமும் பூச்சியியலும் ஒரே இடத்தில் நடந்த வகுப்பு அது. நீங்கள் நடத்த வேண்டியதும் அதுதான் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வாய்ஸ் மெசேஜைப் பற்றி ஓர் ஆசிரியையாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனடாவில் பிரெஞ்சு வழிப் பள்ளிகளில் பல ஆண்டு படித்த ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், 1985இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அந்தக் குழந்தைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் தாய்மொழிக்காரர்களை நெருங்கிவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியே இருந்தார்கள். கேட்டால் மட்டும் போதாது, சொல்லிப் பார்க்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று கற்பவருக்கே தெரிகிறது என்பது அவர் வாதம். ரீல் கேட்பதற்கு மட்டும். விரலால் தள்ளிவிட்டால் அடுத்தது. வாய்ஸ் மெசேஜ் சொல்வதற்கு. அனுப்பும் முன் திரும்பப் போட்டுக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். வகுப்பறையில் ஒரு பெண் எழுந்து நின்றால் அவளுக்கு ஒரே வாய்ப்பு, அதுவும் நாற்பது பேர் பார்க்க. இங்கே அடுப்படியில் நின்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிப் பார்த்துவிட்டு, சரியாக வந்ததை மட்டும் அனுப்புகிறாள். நான் பள்ளியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு கருவி கையில் கிடைக்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருக்கிறது.

வயல்வெளிப் பள்ளி என்று நீங்கள் நடத்தும் முறையும் இதற்கு ஏற்றதுதான். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1989இல் இந்தோனேசியாவில் அந்த முறையைத் தொடங்கியது. நெல்லில் புகையான் பூச்சி பெருகியபோது, மருந்து அடிக்க அடிக்க அதன் எதிரிப் பூச்சிகள் செத்துப் புகையான் கூடியதைப் பார்த்து, உழவர்களையே வாரம் ஒருமுறை வயலில் இறங்கி எண்ணச் சொன்னார்கள். எத்தனை தீமைப் பூச்சி, எத்தனை சிலந்தி, தண்ணீர் எவ்வளவு. தாளில் வரைந்து, அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். அந்தத் தாளுக்குப் பதில் இன்று போன் இருக்கிறது. வாரம் ஒரு படம், கூட ஒரு நிமிடம் தமிழ்ப் பேச்சு, அந்த வாரம் கையில் எடுத்த பாட்டிலிலோ பொட்டலத்திலோ இருக்கும் ஆங்கில வரி ஒன்றைப் படித்து அதன் பொருள். இவ்வளவுதான் பாடம். ஒரு பருவம் முழுக்கச் செய்தால் ஓர் உழவர் தொழிலில் சந்திக்கும் ஆங்கிலத்தில் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கு மொத்தமாக இருநூறு முந்நூறு சொற்களுக்கு மேல் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

வீடியோ எடுப்பதற்கும் வெளியூர் ஆள் வேண்டாம். டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு 2008இலிருந்து செய்வது இதுதான். உழவரே பேசும் சின்ன வீடியோவை அதே வட்டார உழவர்களுக்குக் காட்டுவது, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது. ஆந்திராவிலும் அவர்கள் வேலை நடந்திருக்கிறது. பார்க்கிறவர் முதலில் பார்ப்பது வீடியோவில் உள்ளவர் நம் மாதிரி ஆளா என்பதைத்தான். அறிவுரை பிறகுதான் காதில் ஏறும். வேட்டியை மடித்துக் கட்டிய எருத்தேம்பதிக்காரர் ஒருவர் கரிசலில் நின்று, "நம்ம மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டாமுங்க" என்று சொன்னால் போதும். கேரளத்தின் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண்மை படித்த பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறார்கள். போனைப் பிடிக்க ஆள் பஞ்சமில்லை.

பெண்களைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மருந்து அடிப்பது ஆண்கள், கலக்கத் தண்ணீர் சுமப்பதும், அடித்த மறுநாள் களை எடுப்பதும், பாட்டிலைக் கழுவி வைப்பதும் பெண்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது நிலப் பத்திரத்தில் பெயர் இருப்பவர். பகல் பத்து மணிக்கு ஹாலில் நடக்கும் பயிற்சிக்குப் பெண்கள் வர முடியாது. இரவு எட்டரைக்கு மேல் குழுவில் வருகிறார்கள்.

குழு என்றதும் உங்களுக்கு வரும் பயம் எனக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு குட் மார்னிங், ஏழு மணிக்கு அரசியல், எட்டு மணிக்கு உர ஏஜென்ட். எந்தக் குழுவும் மூன்று மாதத்தில் இப்படி ஆகிவிடும். ஒன்று செய்யலாம். குழுவில் விற்பனை கூடாது, விற்றால் நீக்கம். மருந்தின் பெயர், அளவு உள்ள எந்தத் தகவலையும் வேளாண் அலுவலர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மற்றவர் பகிரலாம். அந்த அலுவலருக்கு இதை வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் எதுவும் நடக்காது. ஏற்கெனவே பத்து வேலை பார்க்கும் கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) ஊழியர் மீது இன்னொரு குழுவை ஏற்றிவிட்டு, பதில் வரவில்லை என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

இயற்கை விளைபொருள் சான்றிதழ் விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன். 2001இல் வந்த தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டத்தில், தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் காலம் மூன்று ஆண்டு. அத்தனை காலமும் பண்ணைக் குறிப்பேடு வேண்டும். என்ன போட்டோம், எங்கே வாங்கினோம், பக்கத்துத் தோப்பில் என்ன அடித்தார்கள். பி.ஜி.எஸ். என்னும் உழவர் குழுச் சான்று முறையில் ஐந்து உழவர் சேர்ந்தாலே குழு அமைத்து ஒருவர் நிலத்தை மற்றவர் சரிபார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் படிவத்தை யார் நிரப்புவது? காசு கொடுத்து வெளியாளிடம் நிரப்பினால், அவர் எழுதியதில் எங்கள் கையெழுத்து மட்டும் எங்களுடையது. முதலமடை மாம்பழம் நாட்டிலேயே முந்திச் சந்தைக்கு வருவது, வெளிநாட்டுக்கும் போகிறது. பழத்தில் எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும் எச்ச நச்சு அறிக்கை ஆங்கிலத்தில் வரும்போது தோட்டக்காரர் அதை இடைத்தரகரிடம் கொடுத்து, "பாஸா, ஃபெயிலா?" என்று கேட்கும் நிலை மாற வேண்டாமா?

எல்லாவற்றையும் தமிழிலேயே கொடுக்கச் சொல்லிப் போராடாமல் ஆங்கிலத்தைக் கேட்கிறாயே என்று எங்கள் ஆட்களில் சிலருக்குக் கோபம். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி இங்குள்ள தமிழ் மக்கள் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பயிற்சி தமிழில் வேண்டும், துண்டறிக்கை தமிழில் வேண்டும் என்று இந்த மடலிலேயே கேட்கிறேன். ஆனால் பாட்டில்காரரும் ஆய்வகத்தாரும் அயல்நாட்டு வியாபாரியும் உங்கள் ஆட்சிமொழிச் சட்டத்துக்குள் வருபவர்கள் இல்லை. மலையாளம் போதாதா என்பவர்களுக்கும் அதே பதில். இளையவர்கள் பள்ளியில் மலையாளமும் படிக்கிறார்கள், மகிழ்ச்சி. அவர்களின் அப்பாமாருக்கு மலையாளம் பேச்சில் தண்ணீர் பட்ட பாடு, எழுத்தில் பஸ் போர்டு வரைக்கும்தான்.

பணம் பெரிதாக வேண்டியதில்லை. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியாகப் பஞ்சாயத்துகளுக்கு வேளாண்மைக்கென்று ஒதுக்கீடு இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு போதும். நீங்கள் ஒப்புதல் தந்தால் பஞ்சாயத்துகளிடம் பேசும் பொறுப்பு எங்களுடையது. முதல் வருடம் இரண்டு பஞ்சாயத்தில் நடத்திப் பாருங்கள். ஒன்றில் தென்னை, இன்னொன்றில் கடலையும் காய்கறியும். பருவ முடிவில் தேர்வு வைக்க வேண்டாம். ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, பத்து சென்டுக்கு எவ்வளவு, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று கேளுங்கள். பயிற்சிக்கு வராத பத்துப் பேரிடமும் அதையே கேளுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், நானே நிறுத்தச் சொல்வேன்.

மானாவாரிக் கடலை விதைப்பு வைகாசியில் தொடங்கும். அதற்குள் ஆரம்பித்தால்தான் ஒரு முழுப் பருவம் கிடைக்கும். ஆங்கிலப் பாடத்தை நான் சம்பளம் இல்லாமல் நடத்தத் தயார். என்னோடு ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களும் வருகிறேன் என்கிறார்கள். பூச்சி, மண், மருந்து பற்றி எங்களுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் இல்லை, அதற்கு உங்கள் ஆள் ஒருவர் வேண்டும். தமிழ் தெரிந்தவராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் மாறுதல் உத்தரவு வந்து பருவத்தின் நடுவில் போய்விடாதவராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வடகரப்பதிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒரு தென்னை விவசாயி,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை